‘லினக்ஸில அது இல்லையாம் அண்ணை’: மென்பொருள் அகப்படாதபோதும் ஏறாதபோதும் என்ன செய்வது

திருநெல்வேலியில் எங்கள் வீட்டு விறாந்தையில் கிழமைக்கு இரண்டு மூன்று லப்டொப்பாவது வந்து நிற்கும். பாதி கம்பஸ் பிள்ளைகளுடையது, மீதி சொந்தக்காரர்களுடையது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷின்களில் உபுண்டுவோ மின்டோ போட்டுக் கொடுத்தவன் நான்தான் என்பதால் பழியும் எனக்குத்தான். முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றே: "லினக்ஸில அது இல்லையாம் அண்ணை." இருக்கும். உபுண்டுவுக்கும் மின்டுக்கும் அடித்தளமான டெபியனின் 12ஆம் பதிப்புக் களஞ்சியத்தில், அதாவது மென்பொருள்கள் இறங்கி வரும் இணையக் கிடங்கில், மட்டும் 64,000க்கு மேற்பட்ட பொதிகள் (நிறுவத் தயாராகக் கட்டி வைத்த மென்பொருள்கள்) உண்டு. நீங்கள் தேடுவது அங்கே வேறு பெயரில் இருக்கும், அல்லது உங்கள் கணினி எட்டிப் பார்க்காத பகுதியில் இருக்கும், அல்லது இறங்கி வரும் வழியில் எதிலோ மாட்டியிருக்கும்.

கட்டளைகளை நான் வட்ஸ்அப்பில் குரல் பதிவாகச் சொல்வது போலவே கீழே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள். "கோடு" என்று சொன்னால் ஹைஃபன்.

அதற்கு முதல் ஒரு விஷயம். பொதிகளைத் தேடி இறக்கி நிறுவும் கருவியான ஆப்ட் சொல்லும் செய்தியில் ஈ என்ற எழுத்தில் தொடங்கும் வரி பிழை, டபிள்யூவில் தொடங்குவது எச்சரிக்கை மட்டும். முதலாவது ஈ வரியைக் கடைசிச் சொல்வரை வாசியுங்கள். வாசிக்காமல் எங்கோ கண்ட மூன்று கட்டளைகளை ஒட்டிவிட்டு, அந்த மூன்றும் செய்த சேதத்தோடு வருகிறவர்கள்தான் அதிகம்.

"தேடினால் வரவே இல்லை"

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறுவுவதைவிடக் கண்டுபிடிப்பதுதான் எப்போதும் கஷ்டம்.

சித்தி ஒருவர் தமிழில் தட்ட வேண்டும் என்று சொப்ட்வெயார் சென்டரைத் திறந்து, ஆங்கிலத்தில் தமிழ் என்று தட்டித் தேடியிருக்கிறார். தேவையானது ஒன்றும் வரவில்லை. "தம்பி, எங்கட மொழிக்கு இதில ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார். அந்தக் கடைத்தெருவில் பலகை மாட்டிய கடைகள்தான் தெரியும். அதாவது, ஆப்ஸ்ட்ரீம் என்ற விவரக் கோப்பு எழுதப்பட்டு, மெனுவில் ஐகன் வரக்கூடிய செயலிகள் மட்டும். கட்டளைவரிக் கருவிகளும் நூலகங்களும் பெரும்பாலும் அதில் தலைகாட்டாது. உபுண்டு 24.04இன் ஆப் சென்டரோ முதலில் ஸ்னாப் என்ற உபுண்டுவின் சொந்த வகைப் பொதிகளைத்தான் காட்டும். ஆப்ட் நிறுவும் டெப் பொதிகளைப் பார்க்க மேலே உள்ள வடிகட்டியை மாற்ற வேண்டும்.

ஆகவே டேர்மினலை, அதாவது கட்டளை தட்டும் சாளரத்தை, திறந்து "ஆப்ட் சேர்ச்" என்று தட்டி ஒரு இடைவெளி விட்டுத் தேடும் சொல்லைத் தட்டுங்கள். இது பொதியின் பெயரையும் விளக்கத்தையும் சேர்த்துத் தேடும். வந்து குவிந்தால் "இரண்டு கோடு நேம்ஸ் கோடு ஒன்லி" சேர்த்தால் பெயரில் மட்டும் தேடும்.

இங்கே தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் மொழிக்குப் பொதிப் பெயர்களில் மூன்று சுருக்கங்கள். லிப்ரேஆபிஸின் மொழிப்பொதி டி, ஏ என்று இரண்டெழுத்தில் முடியும். படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் டெசராக்டின் தமிழ்ப்பொதி டி, ஏ, எம் என்று மூன்றெழுத்தில் முடியும். லோஹித் எழுத்துருவின் பொதியில் டி, ஏ, எம், எல் என்று நான்கு. முதலாவதும் இரண்டாவதும் மொழிக்கான குறியீடுகள், மூன்றாவது எழுத்துவடிவத்துக்கான குறியீடு. எல்லாம் தரநிலைப்படிதான், தப்பு ஒன்றுமில்லை, ஆனால் இதைச் சித்தி எப்படி அறிவார்?

சித்திக்கு வேண்டியிருந்த பொதியின் பெயரிலோ தமிழ் என்ற சொல்லின் நிழல்கூட இல்லை: "ஐபஸ் கோடு எம்17என்". எம்17என் என்றால் பன்மொழியாக்கம் என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தும் கடைசி எழுத்தும், நடுவில் விடுபட்ட 17 எழுத்துகளும். அதை நிறுவிவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள், இல்லாவிட்டால் பட்டியலில் வராது. பிறகு செட்டிங்ஸில் கீபோர்ட், உள்ளீட்டு மூலங்கள், கூட்டல் குறி. அங்கேயும் தமிழ் உடனே தெரியாது, பட்டியலின் அடியில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தித் தேட வேண்டும். தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிப்பு முறை எல்லாம் வரிசையாக வரும். எல், கே என்று தொடங்கி ரெங்கநாதன் என்று ஒன்று இருக்கும், அதுதான் இலங்கைத் தட்டச்சு முறையில் பழகிய கைகளுக்கு உரியது. சித்திக்கு அது போதும். முதல் வேலையாகக் கனடாவுக்கு ஒரு கடிதம் தட்டினார்.

இதில் என் மனத்தாங்கல் ஒன்று. ஐபஸ் பொதியின் விளக்கத்தில் "தமிழில் தட்ட உதவும்" என்று ஒரு வரி தமிழில் இருந்திருந்தால் சித்தி தானே கண்டுபிடித்திருப்பார். டெபியனில் பொதி விளக்கங்களை மொழிபெயர்க்கவென்றே ஒரு திட்டம் உண்டு, அப்படி மொழிபெயர்த்த விளக்கங்களையும் ஆப்ட் இறக்கி வைத்துத் தேடும். மென்பொருள் எழுதத் தெரிந்திருக்கத் தேவையில்லை, தமிழ் தெரிந்தால் போதும். புதிதாக ஒரு எழுத்துரு செய்வதைவிட இது பத்துப் பேருக்கு அதிகமாக உதவும் என்பது என் எண்ணம், ஆனால் யாருக்கும் இதில் பெயர் கிடைக்காது என்பதால் ஆள் வருவதில்லை.

"பாமினி எழுத்துரு எங்கே?"

களஞ்சியத்தில் தேடாதீர்கள். பழைய கோயில் நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ், பாடசாலை வினாத்தாள் எல்லாம் இங்கே பாமினியில்தான் கிடக்கின்றன. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அது எழுத்துரு இல்லாத குறை என்றாலும், அடிப்படையில் அந்தக் கோப்பில் இருப்பது தமிழே அல்ல, தமிழ்போல வரையப்பட்ட ஆங்கில எழுத்துகள். கோப்பை உங்களிடம் இருக்கும் எழுத்துருவோடு பார்க்க மட்டும் வேண்டுமானால், உங்கள் வீட்டுக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் "லோக்கல்", அதற்குள் "ஷேர்", அதற்குள் "ஃபொன்ட்ஸ்" என்று உருவாக்கி அங்கே போட்டு "எஃப்சி கோடு காஷ்" ஓட்டுங்கள். தொடர்ந்து பாவிக்கப் போவதென்றால் யூனிகோட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

எழுத்துக்குப் பதில் பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் அது வேறு நோய்: யூனிகோட் எழுத்துரு இல்லை. மேலே சொன்ன நான்கெழுத்து லோஹித் பொதி, ஒரு நிமிஷ வேலை.

"நிறுவினேன், ஆனால் கட்டளை இல்லை என்கிறது"

பொதியின் பெயரும் கட்டளையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கோப்புகளுக்குள் சொல் தேடும் ரிப்கிரெப்பை நிறுவினால் கட்டளை ஆர், ஜி என்று இரண்டெழுத்து. இன்னும் மோசம், பாட் என்ற கருவி டெபியனிலும் உபுண்டுவிலும் "பாட்காட்" என்றும், எஃப்டி என்பது "எஃப்டிஃபைண்ட்" என்றும் வரும், ஏனென்றால் அந்தக் குட்டிப் பெயர்கள் ஏற்கெனவே வேறு பொதிகளிடம் இருந்தன. இணையத்து வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை. "டிபிகேஜி கோடு பெரிய எல்" என்று தட்டிப் பொதிப் பெயரைக் கொடுத்தால் அது எந்தெந்தக் கோப்பை எங்கே வைத்தது என்று காட்டும், அதில் "பின்" கோப்புறைக்குள் இருப்பதுதான் கட்டளை. மறுபக்கமாக, கோப்பின் பெயர் தெரியும், எந்தப் பொதியில் இருக்கிறது என்று தெரியாது என்றால் "ஆப்ட் கோடு ஃபைல்" என்ற கருவியை நிறுவி, ஒருமுறை அப்டேட் செய்துவிட்டுத் தேடுங்கள்.

"அன்ஏபிள் டு லொகேட் பாக்கேஜ்"

முதலில் "சூடோ ஆப்ட் அப்டேட்" தட்டிப் பொதிப் பட்டியலைப் புதுப்பியுங்கள் ("சூடோ" என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று அர்த்தம்). பாதிப் பேருக்கு இத்துடன் முடியும். புதிதாக நிறுவிய கணினியில் பட்டியலே இருக்காது, கடையின் விலைப்பட்டியல் இல்லாமல் சாமான் கேட்பது போலத்தான்.

முடியாவிட்டால் "ஆப்ட் பாலிசி" என்று தட்டிப் பொதிப் பெயரைக் கொடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் பெயர் பிழை அல்லது அந்தப் பகுதி திறக்கப்படவில்லை. உபுண்டுவில் மெயின், யூனிவர்ஸ், ரெஸ்ட்ரிக்டட், மல்டிவர்ஸ் என்று நான்கு பகுதிகள். பெரும்பான்மைப் பொதிகள் யூனிவர்ஸில். அது மூடியிருந்தால் "சூடோ ஆட் கோடு ஆப்ட் கோடு ரெப்போசிட்டரி யூனிவர்ஸ்".

டெபியனில் வைஃபை வேலை செய்யாமல் ஃபர்ம்வெயார் (வைஃபை போன்ற வன்பொருளுக்குள் ஏற்றும் மென்பொருள்) தேடுகிறவர்களுக்கு: 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்து ஃபர்ம்வெயார்கள் "நொன் கோடு ஃப்ரீ கோடு ஃபர்ம்வெயார்" என்ற தனிப் பகுதிக்குப் போய்விட்டன. பழைய வழிகாட்டியைப் பார்த்து "நொன் கோடு ஃப்ரீ" மட்டும் சேர்த்தால் கிடைக்காது. அதேபோல உபுண்டு 24.04இல் களஞ்சிய முகவரிகள் இருக்கும் "சோர்சஸ் புள்ளி லிஸ்ட்" கோப்பைத் திறந்து வெறுமையைப் பார்த்துப் பயந்து போனவர்கள் உண்டு. அது இப்போது பக்கத்துக் கோப்புறையில் "உபுண்டு புள்ளி சோர்சஸ்" என்று வேறு வடிவத்தில் இருக்கிறது. பழைய வடிவ வரிகளை அதற்குள் ஒட்டினால் ஆப்ட் ஒட்டுமொத்தமாக மறுத்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். இறக்கி வைத்த டெப் கோப்பை நிறுவும்போது பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் போட வேண்டும், "சூடோ ஆப்ட் இன்ஸ்டால்", இடைவெளி, புள்ளி, சாய்கோடு, கோப்பின் பெயர். விட்டுவிட்டால் அதைக் களஞ்சியத்தில் தேடப் போய் இல்லை என்று வந்து நிற்கும்.

"404, நொட் ஃபவுண்ட்"

பட்டியல் பழசு, அங்கே பொதி புதுசாகிவிட்டது. அப்டேட் செய்தால் போகும். போகாவிட்டால் உங்கள் உபுண்டுவின் ஆயுள் முடிந்திருக்கும். கொடிகாமத்திலிருந்து மச்சான் ஒருவன் கொண்டுவந்ததில் 23.10 ஓடிக்கொண்டிருந்தது. எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) அல்லாத பதிப்புகளுக்கு ஒன்பது மாதம்தான் ஆதரவு, அது 2024 ஜூலையிலேயே முடிந்துவிட்டது, பிறகு பொதிகளைப் "ஓல்ட் ரிலீசஸ்" என்ற பழைய சாமான் அறைக்கு மாற்றிவிடுவார்கள். முகவரியை அங்கே திருப்பிச் சமாளிக்கலாம், ஆனால் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது. கோப்புகளைப் பென் ட்ரைவில் எடுத்துவிட்டு எல்டிஎஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். "புதுசு எண்டுதானே மச்சான் போட்டனான்" என்றான். புதுசுதான், பால் மாதிரி.

"ரிலீஸ் ஃபைல் இஸ் நொட் வாலிட் யெட்"

கணினியின் மணிக்கூடு பிந்தி ஓடுகிறது. ஆப்ட்டின் கண்ணுக்கு அந்தப் பட்டியல் நாளை எழுதப்பட்டது போலத் தெரிகிறது, நம்ப மறுக்கிறது. மூலையில் திகதியைப் பாருங்கள். ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்ததும் பழைய வருஷத்துக்குப் போய் நின்றால் மதர்போர்டில் உள்ள காசு போன்ற பற்றரி செத்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். நேர வலயம் ஏசியா, கொழும்பு என்று இருக்கட்டும். 1996இலிருந்து 2006 வரை இந்த நாடு மணிக்கூட்டை முன்னே தள்ளி வைத்திருந்த கதைகூட அந்த வலயக் கோப்பில் பதிவாகியிருக்கிறது. புது நேரம், பழைய நேரம் என்று இரண்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும்.

"குட் நொட் கெட் லொக்"

பொறுங்கள். அவ்வளவுதான். பின்னணியில் தானியங்கிப் பாதுகாப்புத் திருத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த வேலை பூட்டைப் பிடித்திருக்கிறது என்று செய்தியிலேயே பெயரும் இலக்கமும் இருக்கும். டொங்கிள் வேகத்தில் அரை மணித்தியாலம்கூடப் பிடிக்கலாம், ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள். பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் ஆலோசனை இணையமெங்கும் கிடக்கிறது. அழித்தால் இரண்டு பேர் ஒரே கணக்குக் கொப்பியில் ஒரே நேரத்தில் எழுதுவது போல ஆகும்.

"டிபிகேஜி வோஸ் இன்டரப்டட்"

நிறுவும்போது கரண்ட் போயிருக்கிறது. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் இதைப் பாடமாக்கிவிட்டேன். முதலில் "சூடோ டிபிகேஜி, இரண்டு கோடு கொன்ஃபிகர், இடைவெளி, கோடு ஏ". அது முடிந்ததும் "சூடோ ஆப்ட், இரண்டு கோடு ஃபிக்ஸ் கோடு புரோக்கன், இன்ஸ்டால்". இந்த ஒழுங்கில். லப்டொப் பற்றரி பத்து நிமிஷம்கூடத் தாங்காது என்றால் பெரிய அப்கிரேடைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

"டஸ் த நெட்வேர்க் ரிக்வயர் ஓதெண்டிகேஷன்"

கிளியர்சைன்ட் கோப்பு சரியில்லை, நோஸ்பிளிட் என்றெல்லாம் பயமுறுத்திவிட்டுக் கடைசியில் இந்தக் கேள்வியைக் கேட்கும். விடை பெரும்பாலும் ஓம் என்பதுதான். பட்டியலைக் கேட்ட இடத்தில் லொகின் பக்கமோ "உங்கள் டேட்டா முடிந்தது" என்ற பக்கமோ திரும்பி வந்திருக்கிறது. பிரௌசரைத் திறந்து லொகின் செய்யுங்கள், அல்லது ரீலோட் போடுங்கள். "ஹாஷ் சம் மிஸ்மாட்ச்" என்று வந்தாலும் இதை ஒருமுறை பாருங்கள். இணைப்பு சரி, ஆனாலும் தொடர்கிறது என்றால் "வார், லிப், ஆப்ட், லிஸ்ட்ஸ்" கோப்புறைக்குள் இருப்பதைத் துடைத்துவிட்டு மறுபடி அப்டேட்.

"ஒரு சின்னச் செயலிக்கு முழு டேட்டாவும் போய்விட்டது"

காரணம் பிளாட்பாக், எந்த லினக்ஸிலும் ஓடும் வேறொரு பொதி முறை. முதல் செயலியோடு அதற்கு வேண்டிய ரன்டைமும் (அது ஓடத் தேவையான பொது நூலகத் தொகுதி) சேர்ந்து இறங்கும், அது நூற்றுக்கணக்கான மெகாபைட். அடுத்த செயலியும் அதே ரன்டைமில் ஓடுவதென்றால் குறைவாகவே இறங்கும், ஆகவே ஒன்றே ஒன்றுக்காகப் பிளாட்பாக் போடாதீர்கள், ஆப்ட்டில் இருந்தால் அதையே எடுங்கள், கொஞ்சம் பழைய பதிப்பாக இருந்தாலும். நிறைய வேண்டுமானால் பிளாட்பாக்கின் களஞ்சியமான பிளாட்ஹப் லாபம். பிளாட்பாக் நிறுவியும் தேடினால் ஒன்றும் வரவில்லை என்றால் பிளாட்ஹப்பை ரிமோட்டாக (இறக்கும் இடமாக) சேர்க்கவில்லை என்று அர்த்தம்.

ஒரே வீட்டில் மூன்று மெஷின் என்றால் மூன்று முறை இறக்க வேண்டாம். ஒன்றில் "இரண்டு கோடு டவுன்லோட் கோடு ஒன்லி" சேர்த்து இரவு டேட்டாவில் இறக்குங்கள். டெப் கோப்புகள் "வார், காஷ், ஆப்ட், ஆர்க்கைவ்ஸ்" என்ற இடத்தில் இருக்கும். பென் ட்ரைவில் எடுத்து மற்றதில் அதே இடத்தில் போட்டுவிட்டு வழமைபோல இன்ஸ்டால் செய்தால் இருப்பதை மறுபடி இறக்காது. மூன்றிலும் ஒரே பதிப்பு, ஒரே நாள் அப்டேட் இருக்க வேண்டும்.

நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்புச் செயலியான ஆப்இமேஜை இரண்டு முறை சொடுக்கியும் அசையாமல் கிடந்தால், பண்புகளில் போய் இயக்க அனுமதி கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் காரணம், அதற்கு வேண்டிய பழைய ஃபியூஸ் நூலகம் உபுண்டு 22.04இலிருந்து கூடவே வருவதில்லை. நிறுவ வேண்டியது 22.04இல் "லிப்ஃபியூஸ்2", 24.04இல் அதே பெயரோடு "டி64" என்று வால்.

"எக்ஸ்டேர்னலி மானேஜ்ட் என்வைரன்மென்ட்"

கம்பஸ் பிள்ளைகளின் செல்லப் பிழை. பைதானின் சொந்த நிறுவும் கருவியான பிப்பால் நூலகம் ஒன்றை நேரடியாகச் சிஸ்டத்துக்குள் போடப் பார்த்திருக்கிறீர்கள். டெபியன் 12இலிருந்தும் உபுண்டு 23.04இலிருந்தும் அது தடுக்கப்படுகிறது, சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் பல அதே பைதானை நம்பியிருப்பதால். செய்தியின் அடியில் "பிரேக் சிஸ்டம் பாக்கேஜஸ்" என்று ஒரு வழி சொல்லியிருக்கும். பெயரை வாசித்த பிறகும் அதைப் பாவித்த தம்பி ஒருவனுக்கு டெஸ்க்டொப்பை மீட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது, அவனுடையதல்ல, என்னுடையது. "பைதான்3 கோடு" என்று தொடங்கும் ஆப்ட் பொதி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அசைன்மென்டுக்கு ஒரு வீஎன்வி (சிஸ்டத்தைத் தொடாத தனிப் பைதான் சூழல்), தனிக் கருவி என்றால் அந்தச் சூழலைத் தானே அமைக்கும் பிப்எக்ஸ்.

"டஸ் நொட் ஹாவ் எ ரிலீஸ் ஃபைல்"

மின்ட் பாவிக்கிறவர்களுக்கு அதிகம் வரும். மின்ட் 22க்குப் பெயர் வில்மா, அதன் அடியில் இருப்பது உபுண்டு 24.04, நோபிள். வெளியார் களஞ்சியத்தைச் சேர்க்கும் ஆயத்தக் கட்டளைகள் உங்கள் கணினியிடம் பெயரைக் கேட்டு வில்மா என்று எழுதிவிடும், அந்தப் பக்கத்தில் வில்மாவை யாருக்கும் தெரியாது. சோர்ஸ் கோப்பில் வில்மாவை நோபிள் என்று மாற்றுங்கள். "நோ பப்கீ" என்று வந்தால் களஞ்சியத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி இல்லை; பழைய "ஆப்ட் கோடு கீ" முறை கைவிடப்பட்டது, சாவியை "கீரிங்ஸ்" கோப்புறையில் வைத்து அந்தச் சோர்ஸின் "சைன்ட் பை"யில் காட்ட வேண்டும்.

ஃப்ரீபிஎஸ்டி ஆட்களுக்கு

லினக்ஸ் அல்லாத இந்த இயங்குதளத்தைப் பாவிப்பவர்கள் எனக்குத் தெரிந்து இங்கே இரண்டு பேர், அதில் ஒருவன் நான். ஆப்ட்டுக்கு ஈடான பிகேஜி அடிப்படை நிறுவலோடு வராது, முதல்முறை தட்டும்போது இறக்கவா என்று கேட்கும், ஓம் சொல்லுங்கள். ஒரு பொதி பழைய பதிப்பாகவே நிற்கிறது என்றால் நீங்கள் காலாண்டுக் கிளையில் இருக்கிறீர்கள், அதுதான் வழமையான அமைப்பு. லேட்டஸ்ட் வேண்டுமானால் ஈடிசியில் உள்ள கோப்பைத் தொடாமல், "யூஎஸ்ஆர், லோக்கல், ஈடிசி, பிகேஜி, ரெப்போஸ்" என்ற இடத்தில் சொந்தக் கோப்பு ஒன்று வையுங்கள். "நியூவர் ஃப்ரீபிஎஸ்டி வேர்ஷன்" என்று முறைத்தால் பொதிகள் உங்கள் சிஸ்டத்தைவிடப் புதுசு. அதை அலட்சியம் செய்யும் வழியைச் செய்தியே சொல்லித் தரும், ஆனால் சிஸ்டத்தை அப்டேட் செய்வதுதான் முறை. சி ஷெல்லில் நிறுவிய உடனே கட்டளை இல்லை என்றால் "ரீஹாஷ்" என்று தட்டுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் சரிவராவிட்டால் எனக்கு அனுப்புங்கள். திரையைச் சரிவாகப் பிடித்த போட்டோ வேண்டாம், டேர்மினலில் உள்ளதை மௌஸால் பிடித்துக் கொப்பி செய்து எழுத்தாக அனுப்புங்கள். "ஆப்ட் பாலிசி" சொன்ன பதிலும், அதற்கு முன்னால் எங்கேயோ கண்டு ஒட்டிய கட்டளைகள் இருந்தால் அவையும். "நான் ஒண்டும் செய்யேல்லை அண்ணை" என்று தொடங்க வேண்டாம், ஹிஸ்டரி என்று ஒரு கட்டளை இருக்கிறது.